குவாசர்கள் வானில் எப்படிப் பரவியிருக்கின்றன: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து எந்த வழியில் கணக்கெடுப்பது?

எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு இயற்பியல் மாணவர்கள் இந்த ஆண்டு புராஜெக்டுக்கு ஒரு கேள்வியை எடுத்திருக்கிறார்கள். குவாசர்கள் வானம் முழுக்கச் சீராகப் பரவியிருக்கின்றனவா, அல்லது ஒரு திசையில் கொஞ்சம் கூடுதலாகவும் எதிர்த்திசையில் கொஞ்சம் குறைவாகவும் இருக்கின்றனவா? பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இது பெரிய கேள்விதான். ஆனால் ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒருமித்த முடிவுக்கு வராத விஷயம், தரவுகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு சாதாரண லேப்டாப்பில் செய்து பார்க்க முடியும். இப்படி மூன்றும் ஒன்றாக அமையும் கேள்வி அடிக்கடி கிடைப்பதில்லை.

எந்த வழியில் செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. கடற்கரையில் தொலைநோக்கியை வைத்து நாமே பார்க்கலாம் என்றார்கள் சிலர். எஸ்டிஎஸ்எஸ் (ஸ்லோன் வானக் கணக்கெடுப்பு) பட்டியலை இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள் வேறு சிலர். வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் பட்டியல், ரேடியோ பட்டியல்கள், கையா விண்கலத்தை அடிப்படையாகக் கொண்ட குவையா பட்டியல் என்று பேச்சு நீண்டது. எங்களிடம் இருப்பது எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று, ஓரளவு நல்ல லேப்டாப் ஒன்று, மாணவர்களின் போன் டேட்டா. இவ்வளவுதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வழியையும் எடைபோட்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்புக்குக் குவையா. நம் தொலைநோக்கிக்கு ஒரே ஒரு குவாசர், ஆனால் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எஸ்டிஎஸ்எஸ் துணைக்கு இருக்கட்டும். மற்றவை இந்தக் கேள்விக்குச் சரிவராது.

கேட்பது என்ன, எவ்வளவு துல்லியம் தேவை

தொலைதூரத்து கேலக்சி ஒன்றின் நடுவில் இருக்கும் மாபெரும் கருந்துளைக்குள் வாயு சுழன்று விழும்போது, அந்த வாயு கொதித்து, தான் இருக்கும் கேலக்சி முழுவதையும் மங்கச் செய்யும் அளவுக்கு ஒளிர்கிறது. அதைத்தான் குவாசர் என்கிறோம். அவ்வளவு பிரகாசம் என்பதால் பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்தும் தெரிகின்றன. அண்டத்தின் பெரும்பரப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க இவற்றைவிட வசதியான அடையாளக் கற்கள் குறைவு.

பெரும்பரப்பில் பார்த்தால் அண்டம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அண்டவியலின் அடிப்படைக் கருத்து. அப்படியென்றால் குவாசர்களும் சீராகத்தான் இருக்க வேண்டும், ஒரே ஒரு சின்ன விலக்கைத் தவிர. அண்டத்தின் தொடக்க காலத்தில் கிளம்பி இன்றும் வானம் முழுக்க நிறைந்திருக்கும் ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியோடு ஒப்பிட்டால் நம் சூரியக் குடும்பம் நொடிக்குச் சுமார் 370 கி.மீ. வேகத்தில் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. போகும் திசையில் உள்ள பொருட்கள் சற்றுப் பிரகாசமாகவும் சற்று நெருக்கமாகவும் தெரியும். எதிர்ப்பக்கத்தில் அதற்கு நேர்மாறு. 1984-இல் ஜார்ஜ் எல்லிஸும் ஜான் பால்ட்வினும் இதை ஒரு சோதனையாகவே முன்வைத்தார்கள்: தொலைதூரப் பொருட்களை எண்ணுங்கள், எண்ணிக்கையில் தெரியும் சாய்வு நுண்ணலைப் பின்னணி சொல்லும் வேகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் ஒன்று எண்ணியதில் கோளாறு, அல்லது அண்டத்தைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் கோளாறு.

எதிர்பார்க்கும் சாய்வு எவ்வளவு? குவாசர்களுக்கு ஆயிரத்தில் ஏழு அளவுதான். அதாவது நாம் போகும் திசையில் சராசரியைவிட 0.7 விழுக்காடு கூடுதல், பின்பக்கம் 0.7 விழுக்காடு குறைவு. இந்த எண்ணை மாணவர்கள் முதல் நாளே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லா வழிகளையும் எடைபோட இதுதான் தராசு. வானம் முழுக்கப் பரவிய N பொருட்களை எண்ணினால், சாய்வை அளப்பதில் தற்செயலாக வரும் பிழை ஒவ்வொரு அச்சிலும் ஏறக்குறைய 3/N-இன் வர்க்கமூலம். ஐம்பது குவாசர் என்றால் பிழை சுமார் 25 விழுக்காடு. பதின்மூன்று லட்சம் என்றால் 0.15 விழுக்காடு. தேடும் 0.7-ஐப் பார்க்க லட்சக்கணக்கில் வேண்டும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

நம் கரையில் நம் தொலைநோக்கி

மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். அதில் நியாயமும் இருக்கிறது. நாம் இருப்பது வடக்கே 9 டிகிரி அட்சரேகைக்குச் சற்று மேலே. இங்கிருந்து தென்துருவத்தை ஒட்டிய சிறு வட்டத்தைத் தவிர வானத்தின் எல்லாப் பகுதியும் ஏதோ ஒரு மாதத்தில் அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் கண்காணிப்பகங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மண்டபம், பாம்பன் பக்கம் போனால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் கடல் அடிவானம். வாலிநோக்கம், மூக்கையூர் பக்கமும் நகர வெளிச்சம் குறைவு. தனுஷ்கோடி எல்லாவற்றையும்விட இருட்டுதான், ஆனால் மாலைக்குப் பிறகு அங்கே இருக்க அனுமதி கிடையாது. எனவே அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

சிரமங்களும் கடலிலிருந்தே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை. அதற்கடுத்த மாதங்களில் வானம் தெளியும், ஆனால் நடுநிசிக்கு மேல் பனி இறங்கிக் கண்ணாடி வியர்த்துவிடும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் டாப்சோனியனின் குழாய் ஆடிக்கொண்டே இருக்கும். உப்பு வேறு. கரையில் ஓர் இரவு திறந்து வைத்த கண்ணாடியைக் காலையில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் மெல்லிய படலம் ஒன்று தெரியும். அதைத் துணியால் துடைத்தால் உப்புத் துகளே அலுமினியப் பூச்சைக் கீறிவிடும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து, மூடியோடு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை உள்ள ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்காமல் தொலைநோக்கியைக் கடற்கரைக்கு எடுத்துப் போகவே கூடாது.

சரி, இவ்வளவையும் தாண்டினால் எத்தனை குவாசர் கிடைக்கும்? எட்டு அங்குலத்தில் எளிதாகக் கண்ணுக்குத் தெரிவது 3சி 273 ஒன்றுதான், பிரகாச அளவு ஏறக்குறைய 12.9 (இந்த எண் கூடக்கூடப் பொருள் மங்கல்). கேமரா பொருத்தினால் இன்னும் மங்கலானவை சில கிடைக்கும். ஒரு பருவம் முழுக்க உழைத்தாலும் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டாது என்பது என் மதிப்பீடு. ஐம்பதுக்கு என்ன பிழை வரும் என்று மேலே பார்த்துவிட்டோம். அதிலும், அந்த ஐம்பதையும் வேறொருவர் பட்டியலைப் பார்த்துத்தான் தேடிப் பிடித்திருப்போம். அதைக் கணக்கெடுப்பு என்று சொல்ல முடியாது.

ஆனாலும் 3சி 273-ஐப் பார்க்காமல் இந்த புராஜெக்டை முடிக்க விட மாட்டேன். கன்னி ராசியில், வான நடுக்கோட்டுக்கு இரண்டு டிகிரி வடக்கே இருப்பதால் நமக்கு அது கிட்டத்தட்ட உச்சி வானத்துக்கு வருகிறது, 83 டிகிரி உயரம். ஏப்ரல் 20 வாக்கில் இரவு பத்தே முக்காலுக்கு உச்சியில் இருக்கும், மே நடுவில் ஒன்பது மணிக்கே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கடலில் அவற்றின் விளக்கு வெளிச்சம் இருக்காது. குவாசர் உயரத்தில் நிற்பதும் கடல் இருட்டாக இருப்பதும் இப்படி ஒரே நேரத்தில் அமைகின்றன. அதில் அமாவாசையை ஒட்டிய இரவுகளை எடுத்துக்கொண்டால் போதும்.

கண்ணில் படுவது சுற்றியுள்ள விண்மீன்களிலிருந்து எந்த வித்தியாசமும் இல்லாத ஒரு வெளிர்நீலப் புள்ளி. வரைபடத்தோடு பக்கத்து விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பொருத்தித்தான் இதுதான் அது என்று உறுதி செய்ய முடியும். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி. அதைப் பார்த்த பிறகு, விண்மீன் கூட்டத்திலிருந்து குவாசரைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மோட்டார் வைத்த தாங்கியும் சிறு கேமராவும் இரவல் கிடைத்தால், கேமராவின் முன் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் ஒரு நிறமாலைக் கீற்றணியைப் பொருத்தி இன்னும் ஒரு படி போகலாம். ஹைட்ரஜனின் 486 நானோமீட்டர் கோடு இந்தக் குவாசரில் 563-க்கு நகர்ந்திருக்கும். 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் கண்டுபிடித்த 0.158 என்ற செம்பெயர்ச்சி அதுதான், அதாவது அண்டம் விரிவதால் அலைநீளம் நீண்ட விகிதம். அது கூடக்கூடத் தூரமும் கூடும். சிவப்பில் இருக்கும் 656 கோட்டை நம்ப வேண்டாம். அது நகர்ந்து 760-இல் வந்து விழுகிறது, அங்கே நம் காற்றிலுள்ள ஆக்சிஜனே ஒளியை விழுங்கிவிடும். தாங்கியைத் துருவத்துக்கு நேராக வைப்பதும் இங்கே கொஞ்சம் பாடுதான். துருவ விண்மீன் பாக் நீரிணைக்கு மேலே ஒன்பது டிகிரி உயரத்தில், கடல் மூட்டத்துக்குள் நிற்கும்.

எஸ்டிஎஸ்எஸ்: ஆழம் உண்டு, அகலம் இல்லை

ஸ்லோன் வானக் கணக்கெடுப்பின் பதினாறாம் வெளியீட்டுக் குவாசர் பட்டியலில் 7,50,414 குவாசர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நிறமாலை எடுத்து, பெரும்பாலானவற்றுக்கு நம்பகமான செம்பெயர்ச்சி தந்திருக்கிறார்கள். தூரத்தைப் பொறுத்தவரை இதோடு போட்டியிடும் பட்டியல்கள் குறைவு. நியூ மெக்சிகோவில் இருக்கும் 2.5 மீட்டர் தொலைநோக்கியில், ஒவ்வொரு வானத் துண்டுக்கும் ஓர் அலுமினியத் தட்டு செய்து, பொருள் இருக்கும் இடத்திலெல்லாம் துளை போட்டு, துளைதோறும் ஒளியிழையைக் கையாலேயே செருகி எடுத்த தரவு இது. ஒரு தட்டில் ஆயிரம் இழை. அந்த உழைப்பை நினைத்தால் மரியாதை வருகிறது.

எங்கள் கேள்விக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது. முதலாவது, பரப்பு. வானத்தில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் அது தொட்டிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் வடக்கில். சாய்வைப் பார்க்க எதிரெதிர்த் திசைகள் இரண்டும் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாய்வைக் கணக்கிட்டால் விடை எங்கே வேண்டுமானாலும் இழுக்கும்.

இரண்டாவது, அந்தத் துளைகள். ஒரே தட்டில் இரண்டு இழைகளை 62 ஆர்க்செகண்டுக்கு (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்டு) உள்ளே பக்கத்தில் பக்கத்தில் செருக முடியாது, இழையின் உறையே இடித்துக்கொள்ளும். ஆகவே நெருங்கி நிற்கும் குவாசர் ஜோடிகளில் ஒன்று விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம். இது தெரியாமல் படம் போட்டுப் பார்க்கும் மாணவர், குவாசர்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன என்று எழுதி விடுவார்.

மூன்றாவது, நிறம். செம்பெயர்ச்சி 2.7-ஐ ஒட்டிய குவாசர்களின் நிறம் சாதாரண விண்மீன்களின் நிறத்தோடு கலந்துவிடுகிறது. நிறத்தைப் பார்த்துத்தான் எதற்கு நிறமாலை எடுப்பது என்று தேர்ந்தெடுத்தார்கள் என்பதால், அந்தத் தூரத்தில் பிடிபட்டவை குறைவு. அண்டத்தில் அங்கே குவாசர் பஞ்சம் என்று அதற்குப் பொருளில்லை.

பட்டியலைச் சரியாகக் கையாளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம் ஒன்று எஸ்டிஎஸ்எஸ் தரவிலேயே இருக்கிறது. 2013-இல் ரோஜர் க்ளோஸும் அவர் குழுவும் 73 குவாசர்கள் சேர்ந்த மாபெரும் தொகுதி ஒன்றை அறிவித்தார்கள். நீளம் சுமார் 400 கோடி ஒளியாண்டு. அண்டம் சீரானது என்ற கருத்துக்கே இது சவால் என்று பேசப்பட்டது. அதே ஆண்டில் சேஷாத்ரி நடாதூர், முற்றிலும் தற்செயலாகத் தூவிய புள்ளிகளில் அதே முறையை ஓட்டினாலும் அந்த அளவு தொகுதிகள் கிடைக்கின்றன என்று காட்டினார். மாணவர்கள் எந்தப் பட்டியலை எடுத்தாலும், பக்கத்திலேயே தற்செயல் பட்டியல் ஒன்றையும் வைத்து ஓட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படகு போன இடமும் மீன் இருக்கும் இடமும்

இந்தப் பேச்சு நடந்தபோது தங்கச்சிமடத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் சொன்னார்: "சார், எங்க ஊர்ல தடைக்காலத்துல விசைப்படகு மீன் கரைக்கே வராது. அதுக்காகக் கடல்ல மீன் இல்லேன்னு யாராவது சொல்வாங்களா?"

விஷயத்தின் மையம் அதுதான். கரைக்கு வரும் மீன் எடையை மட்டும் பார்த்தால் படகுகள் எங்கே போயின, எத்தனை நாள் போயின என்பதுதான் தெரியும். கடலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பிடிபட்டதை அதற்குச் செலவான முயற்சியால் வகுக்க வேண்டும். 1947-இல் தொடங்கி, முன்பு மண்டபத்தில் தலைமையிடம் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இறங்குதளங்களில் மாதிரி எடுத்து மீன்வரத்தை மதிப்பிடும்போது, படகுகளின் முயற்சியையும் சேர்த்தே பதிகிறது. குவாசர் பட்டியலுக்கும் அப்படி ஒரு முயற்சிக் கணக்கு வேண்டும்: வானத்தின் எந்தத் திசையில் எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எவ்வளவு மங்கலானது வரை பிடிபடும், தூசு எவ்வளவு மறைக்கிறது. அதைத் தேர்வு வரைபடம் என்று வைத்துக்கொள்வோம். அது கையில் இல்லாத பட்டியலில் எத்தனை லட்சம் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு உதவாது.

மில்லிகுவாஸ், டெசி

மில்லிகுவாஸ் என்ற பட்டியல் இறக்குவதற்கு எளிது, 10 லட்சத்துக்கும் மேல் பொருட்கள் உள்ளது, கோப்பும் ஒன்றே. எரிக் ஃப்ளெஷ் பல ஆண்டு உழைத்து, வெளியான ஆய்வுகளிலிருந்தெல்லாம் குவாசர்களைத் திரட்டி உருவாக்கியது. குறிப்பிட்ட ஒரு பொருள் குவாசரா என்று பார்க்க இதைவிட வசதி வேறில்லை. பரவலைப் பார்க்க மட்டும் இதைத் தொடக் கூடாது. படமாகப் போட்டால் உடனே தெரியும்: எஸ்டிஎஸ்எஸ் திரும்பத் திரும்பப் பார்த்த வான நடுக்கோட்டுப் பட்டை, ஆஸ்திரேலியாவின் 2டிஎஃப் கணக்கெடுப்பு ஓடிய நீளப் பட்டைகள் எல்லாம் கோடு போட்டாற்போல் நிற்கும். தெரிவது வானியலாளர்களின் வரலாறு.

டெசி என்ற நிறமாலைக் கணக்கெடுப்பு 2025 மார்ச்சில் வெளியிட்ட முதல் தரவுத் தொகுப்பில் சுமார் 16 லட்சம் குவாசர்கள் இருக்கின்றன. செம்பெயர்ச்சிக்கு அருமையான தரவு. ஆனால் எஸ்டிஎஸ்எஸ்ஸைப் போலவே ஒரு பகுதி வானம்தான், கையாளவும் கனமானது. முதுகலையில் தொடர்பவர்களுக்கு விட்டுவைக்கலாம்.

வைஸ்: சர்ச்சை தொடங்கிய இடம்

2009 டிசம்பரில் ஏவப்பட்ட வைஸ் விண்கலத்தில் இருந்தது 40 செ.மீ. தொலைநோக்கிதான். ஆனால் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் திரும்பத் திரும்பப் படம் எடுத்தது. குவாசரைச் சுற்றியுள்ள சூடான தூசு 3.4 மைக்ரான், 4.6 மைக்ரான் அலைநீளங்களில் தனி நிறத்தைக் காட்டும். விண்மீன்கள் அப்படிக் காட்டுவதில்லை. இடையிலுள்ள தூசும் அகச்சிவப்பை அதிகம் மறைக்காது. முழு வானக் கணக்கெடுப்புக்கு வாய்ப்பான கருவி.

2021-இல் நேதன் சீக்ரெஸ்ட் குழு இந்தத் தரவிலிருந்து சுமார் 13.6 லட்சம் குவாசர்களைப் பிரித்து, பால்வெளித் தளத்துக்கு இருபுறமும் 30 டிகிரியை வெட்டிவிட்டு, மிச்சமிருந்த அரை வானத்தில் சாய்வை அளந்தது. கிடைத்தது ஆயிரத்தில் பதினைந்துக்குச் சற்று மேல். எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் கூடுதல். திசை ஓரளவு ஒத்துப்போகிறது, அளவுதான் இடிக்கிறது. எங்கள் மாணவர்களின் ஆர்வமும் இந்த முடிவைப் படித்ததில்தான் தொடங்கியது.

அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ளலாமே? எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. வைஸ் சுற்றிய விதத்தால் அது சூரியப் பாதையின் துருவங்களை அதிகத் தடவையும், பாதையை ஒட்டிய பகுதிகளைக் குறைந்த தடவையும் பார்த்தது. குவாசர் எண்ணிக்கையும் அதற்கேற்பச் சற்று மாறுகிறது. சீக்ரெஸ்ட் குழு அதை ஒரு நேர்கோட்டுத் திருத்தத்தால் சரிசெய்தது. அந்தத் திருத்தம் போதுமா என்பது பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. 0.7 விழுக்காட்டைத் தேடும் இடத்தில் ஒரு திருத்தமே விடையை அசைக்கும். தவிர, இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் தூரம் கிடையாது. தேர்ந்தவர்கள் கையில் இது கூர்மையான கருவி. முதல் முறை செய்பவர்களுக்குத் தங்கள் பிழை எது, பட்டியலின் பிழை எது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்காது.

ரேடியோ: நமக்கு நெருக்கமான வரலாறு

ரேடியோ வழியை ஒதுக்கத்தான் போகிறேன், ஆனால் சும்மா ஒதுக்க மனம் வரவில்லை. குவாசர்களின் கதையே ரேடியோவில் தொடங்கியது. 1962-இல் 3சி 273-ஐ நிலா மறைத்தபோது, ரேடியோ அலை எந்த நொடியில் நின்று எந்த நொடியில் திரும்பியது என்பதை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அளந்து, சிரில் ஹசார்டும் கூட்டாளிகளும் அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். அந்தக் குறிப்பை வைத்துத்தான் ஷ்மிட் நிறமாலை எடுத்தார்.

அதே நிலா மறைப்பு முறைக்கென்றே நம் ஊட்டியில் ஒரு தொலைநோக்கி எழுந்தது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகையும் மலைச்சரிவின் சாய்வும் 11 டிகிரி என்று பொருந்தும் இடமாகத் தேடிப் பிடித்ததால், சரிவில் கிடக்கும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களின் அளவை அங்கே அளந்தார்கள். மங்கலானவை கோண அளவிலும் சிறிதாக இருக்கின்றன என்ற அந்த முடிவு, அண்டம் காலத்தோடு மாறி வந்திருக்கிறது என்பதற்கு 1975-இல் ஒரு வலுவான சான்றானது. தமிழ்நாட்டு மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் குவாசர் பற்றிப் பேசக் கூடாது என்பது என் பிடிவாதம்.

ஆனால் நிலா போகும் பாதையில் உள்ளவை மட்டும்தான் மறைக்கப்படும், எனவே அதை வைத்து முழு வானப் பரவல் வராது. பிற்கால ரேடியோ பட்டியல்கள் பரந்தவை. அமெரிக்காவின் என்விஎஸ்எஸ் பட்டியலை வைத்து அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் அசோக் சிங்கல் 2011-லேயே எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய சாய்வைக் கண்டார். புனேக்கு அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியின் டிஜிஎஸ்எஸ் பட்டியலில் சாய்வு அதைவிடவும் பெரிதாக வந்தது. அங்கே பிரகாச அளவீடு இடத்துக்கு இடம் சற்று மாறுவதுதான் காரணமாக இருக்கும் என்று கருதப்படுகிறது. மேலும், ரேடியோ பட்டியலில் குவாசர்களோடு சாதாரண ரேடியோ கேலக்சிகளும் கலந்திருக்கும், தூரமும் தெரியாது. எங்கள் கேள்விக்கு இது இடறல்.

குவையாவை ஏன் எடுக்கிறேன்

கையா விண்கலம் விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளக்கப் போனது. 2013 டிசம்பரில் ஏவப்பட்டு, 2025 ஜனவரியில் பார்வையை நிறுத்தியது. விண்மீன்கள் மெல்ல நகரும், குவாசர்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே நகர்வை அளக்கும் கருவி குவாசரைப் பிரிக்கவும் உதவுகிறது. அதன் மூன்றாம் வெளியீட்டில் குவாசர் என்று சந்தேகிக்கப்பட்டவை சுமார் 66 லட்சம். அதில் பாதியளவுதான் உண்மையான குவாசர். கேட் ஸ்டோரி-ஃபிஷரும் குழுவினரும் அந்தப் பட்டியலை வைஸின் அகச்சிவப்பு நிறங்களோடு சேர்த்துச் சலித்து எடுத்ததுதான் குவையா. 20.5 பிரகாச அளவு வரை 12,95,502 குவாசர்கள், வானம் முழுக்க. முழுநிலாவின் வட்டத்துக்குள் சராசரியாக ஆறு என்ற கணக்கு வரும்.

எண்ணிக்கையில் வைஸ் பட்டியல் அளவுதான் இருக்கிறது. என்னை இழுத்தது வேறு: தேர்வு வரைபடத்தை அவர்களே செய்து பட்டியலோடு சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். பால்வெளியின் தூசு, விண்மீன் நெரிசல், கையா சுற்றிய விதம், பக்கத்து கேலக்சிகளான மெகல்லன் மேகங்களின் குறுக்கீடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு வானத் துண்டிலும் எத்தனை விழுக்காடு பிடிபட்டிருக்கும் என்று சொல்கிறது அது. முயற்சிக் கணக்கோடு வந்த மீன் கணக்கு. மாணவர்கள் அந்த வரைபடத்தோடும், அது இல்லாமலும் இரண்டு முறை கணக்கிட்டுப் பார்த்தால், விடை எவ்வளவு புரளுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

குறையும் உண்டு. செம்பெயர்ச்சி தோராயமானது. 20.5 வரை எடுத்தால் பத்து விழுக்காடு குவாசர்களுக்குத் தூரம் மோசமாகத் தவறியிருக்கும், 20.0-இல் நிறுத்தினால் அது ஆறாகக் குறையும், ஆனால் குவாசர்களும் 7,55,850 ஆகக் குறைந்துவிடும். தூரவாரியாகத் துண்டு போடும் வேலைக்கு எஸ்டிஎஸ்எஸ் துணைக்கு வரட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். இரண்டிலும் உள்ள பொருட்களை எடுத்துச் செம்பெயர்ச்சியை ஒப்பிட்டாலே ஒரு நல்ல அத்தியாயம் தேறும். தேர்வு வரைபடம் கூட ஒரு மதிப்பீடுதான் என்பதையும் மறக்கக் கூடாது. 2024-இல் குவையாவை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் சாய்வு நுண்ணலைப் பின்னணியோடு ஒத்துப்போவதாக வந்தது, வைஸ் சொன்னதற்கு மாறாக. யார் சரி என்று எங்கள் மாணவர்கள் தீர்ப்பு எழுதப் போவதில்லை. இரண்டு முடிவும் ஏன் வேறுபடுகின்றன என்று புரிந்துகொண்டு எழுதினால் அதுவே பெரிது.

வேலை எப்படி நடக்கும்

வானத்தை ஹீல்பிக்ஸ் முறையில் 768 சம துண்டுகளாகப் பிரிக்கலாம். துண்டுக்கு ஏறக்குறைய 54 சதுர டிகிரி, சராசரியாக 1,690 குவாசர்கள். தற்செயல் ஏற்ற இறக்கம் 41 வரை வரும். நாம் தேடும் சாய்வோ துண்டுக்கு வெறும் 12. ஒரு துண்டைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாத் துண்டையும் சேர்த்துப் பொருத்தினால்தான் வெளிப்படும். பால்வெளித் தளத்தை வெட்டிவிட்டுத் தேர்வு வரைபடத்தால் வகுத்து, சாய்வின் அளவையும் திசையையும் கணக்கிட்டு, அப்புறம் தற்செயல் பட்டியல்களில் ஆயிரம் தடவை அதையே ஓட்ட வேண்டும். டாப்கேட் மென்பொருளும் பைத்தானும் போதும், லேப்டாப் தாங்கும். வெட்டும் கோணத்தை 20, 30, 40 என்று மாற்றிப் பார்ப்பது கட்டாயம். விடை அதோடு சேர்ந்து ஓடினால் இன்னும் தூசைத்தான் அளந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள்.

மழை மாதங்களில் கணக்கு, சித்திரையில் கடற்கரை என்று காலத்தைப் பிரித்திருக்கிறேன். நாம் போய்க்கொண்டிருக்கும் அந்தத் திசை, சிம்ம ராசிக்குத் தெற்கே, ஏப்ரல் நடுவில் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே 74 டிகிரி உயரத்தில் நிற்கும். மாணவர்கள் கணக்கில் கண்ட திசையையும் அதையும் வானத்திலேயே கைகாட்டி ஒப்பிடலாம்.

பள்ளி மாணவர்களை வைத்துச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை வேறு. சாய்வு, தேர்வு வரைபடம் எல்லாம் வேண்டாம். எஸ்டிஎஸ்எஸ் இணையதளத்தில் குவாசர் நிறமாலைகளைக் கோடுகளின் பெயரோடு பார்க்கலாம். இருபது நிறமாலையை அச்செடுத்துக் கொடுத்து, அளவுகோல் வைத்துச் செம்பெயர்ச்சியைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும்.